‘சரி’ என்று அழுத்தும் முன்…

2024 மே 20 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘ரீகால்’ என்ற வசதியை அறிவித்தது. திரையில் தெரிவதை அடிக்கடி படம் பிடித்துக் கணினியிலேயே சேமித்து வைக்கும் வசதி இது. போன வாரம் பார்த்த நீலச் சட்டை எந்தத் தளத்தில் இருந்தது என்று கேட்டால் தேடி எடுத்துக் கொடுக்கும். ஆனால் திரைக்கு வருவது நீலச் சட்டை மட்டுமா? வங்கிக் கணக்கின் இருப்பு, ரத்தப் பரிசோதனை முடிவு, அலுவலகத்தின் சம்பளப் பட்டியல், வீட்டாரோடு பகிர்ந்த அந்தரங்கச் செய்தி என்று எல்லாமே அங்குதான் வருகின்றன.

சில நாட்களிலேயே குட்டு உடைந்தது. படங்களிலிருந்து எடுக்கப்பட்ட எழுத்துகள், கணினி இயங்கும் நேரத்தில் எளிதில் படிக்கக்கூடிய தரவுத்தளமாகக் கிடப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர் கெவின் பியூமாண்ட் அம்பலப்படுத்தினார். அலெக்சாண்டர் ஹகேனா என்ற வல்லுநர் அவற்றை உருவியெடுக்கும் சிறு நிரலையே எழுதி வெளியிட்டார். எதிர்ப்பு வலுக்கவே, ஜூன் 7 அன்று மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்தது. பயனர் தாமாக இயக்கினால் மட்டுமே ரீகால் வேலை செய்யும் என்றும், சேமித்ததைப் பார்க்க ‘விண்டோஸ் ஹலோ’ அடையாளச் சோதனை கட்டாயம் என்றும் அறிவித்தது. ஜூன் 18 அன்று வரவிருந்த வசதி தள்ளிப்போய், 2025 ஏப்ரலில்தான் பொதுமக்கள் கைக்கு வந்தது.

மக்கள் கேள்வி கேட்டதால்தான் இந்த மாற்றம் வந்தது. அந்தக் கேள்வி கேட்கும் பழக்கம் ஒவ்வொரு கணினிப் பயனருக்கும் இப்போது தேவைப்படுகிறது.

ரீகால் எல்லாக் கணினியிலும் இருக்காது. ‘கோபைலட் பிளஸ்’ என்ற வகைக் கணினிகளில் மட்டுமே உண்டு. அப்படி ஒன்றை வாங்கியிருந்தால் ‘செட்டிங்ஸ்’ போய், ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’க்குள் ‘ரீகால் அண்ட் ஸ்னாப்ஷாட்ஸ்’ பகுதியைத் திறந்து பாருங்கள். இயக்கத்தில் இருந்தால் நிறுத்தலாம், சேர்ந்த படங்களை அழிக்கலாம். இன்னொரு ஆபத்து பலருக்குத் தோன்றுவதில்லை. உங்கள் கணினியில் ரீகால் இல்லாவிட்டாலும், நீங்கள் அனுப்பிய ஆதார் நகலைத் திறந்து பார்ப்பவரின் கணினியில் அது இயங்கிக்கொண்டிருக்கலாம். சிக்னல் செயலி தன் உரையாடல்களை ரீகால் படம் பிடிக்க முடியாதபடி 2025 மே மாதம் தடை போட்டது இதனால்தான்.

அடுத்து வருவது ‘ஏஜென்ட்’. பயனருக்குப் பதிலாகத் தானே கோப்புகளைத் திறந்து வேலையை முடித்துத் தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் இது. விண்டோஸின் முன்னோட்டப் பதிப்புகளில் 2025இலேயே தலைகாட்டியது. வேலைக்கு விண்ணப்பித்தவர் அனுப்பிய பயோடேட்டாவில், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக ‘இந்தக் கோப்புகளை இன்ன முகவரிக்கு அனுப்பு’ என்று ஒரு வரி ஒளிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் கண்ணுக்குத் தெரியாது. ஏஜென்ட் படித்துவிடும், கட்டளை என்று நினைத்து நிறைவேற்றியும் விடலாம். இந்த ஆபத்தை மைக்ரோசாஃப்டே தன் விளக்கக் குறிப்பில் எச்சரித்திருக்கிறது. கணக்கு வழக்கு, வாடிக்கையாளர் விவரம் உள்ள கணினியில் இதை அவசரப்பட்டு இயக்க வேண்டாம்.

புது வசதி பணப்பையிலும் கை வைக்கும். மைக்ரோசாஃப்ட் 365 என்ற அலுவலக மென்பொருள் சந்தாவில் ‘கோபைலட்’ என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்தபோது, ஆஸ்திரேலியாவில் தனிநபர் ஆண்டுச் சந்தா 109 டாலரிலிருந்து 159 டாலராக ஏறியது. கோபைலட் இல்லாத ‘கிளாசிக்’ திட்டம் பழைய விலைக்கே இருந்தும், சந்தாவை ரத்து செய்யப் போனவர்களின் கண்ணில்தான் அது பட்டது என்கிறது அந்நாட்டு நுகர்வோர் ஆணையம். சுமார் 27 லட்சம் பேர் தவறாக வழிநடத்தப்பட்டதாகக் குற்றஞ்சாட்டி 2025 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதமே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பழைய திட்டத்துக்கு மாறுவோருக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. எந்தச் சந்தாவையும் புதுப்பிக்கும் முன் விலை குறைந்த திட்டம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டையும் வங்கிச் செயலியில் சரிபாருங்கள்.

புதிய மடிக்கணினி வாங்குவோர் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்ததிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும் பெரும்பாலான புதிய கணினிகளில் சேமிப்பகம் தானாகவே பூட்டப்படுகிறது. திருடன் கையில் சிக்கினாலும் கோப்புகளைப் படிக்க முடியாது என்பது நன்மை. ஆனால் மதர்போர்டு மாற்றினால் கணினி 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி முதலில் எந்த மின்னஞ்சலால் நுழைந்தார்களோ, அந்தக் கணக்கில்தான் இருக்கும். கடைக்காரர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலைப் போட்டுக் கொடுத்திருந்தால் சாவி அவர் கணக்கில் இருக்கும். அது கிடைக்காவிட்டால் பிள்ளைகளின் படங்கள் முதல் சான்றிதழ்கள் வரை மீளாது. கணினியை உங்கள் மின்னஞ்சலிலேயே தொடங்குங்கள், சாவியைத் தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரவு கேட்கும் நிறுவனம் எதற்காகக் கேட்கிறது என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அதைத் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும். கொடுத்த சம்மதத்தைக் கொடுத்த அளவுக்கே எளிதாகத் திரும்பப் பெறலாம். சட்டத்தை மீறினால், மீறலின் வகையைப் பொறுத்து அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து முழுமையாக நடைமுறைக்கு வருகின்றன. வெளியேற முடியாத சந்தாப் பொறி உள்ளிட்ட 13 வகை ஏமாற்று உத்திகளை 2023 நவம்பரிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்துவிட்டது.

‘உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரையில் தோன்றினால் அது மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. ஏமாந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். சந்தாத் தகராறுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அழைக்கும் முன் ரசீதையும், சம்மதம் கேட்ட திரையின் படத்தையும் எடுத்து வையுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை செலுத்தி வாங்கியவற்றுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே வாதாடவும் செய்யலாம்.