இணையைப் பிரித்தால் வைரஸ் அடங்கிவிடுமா?

எச்.ஐ.வி.யின் புரோட்டியேஸ் நொதி ஒற்றைச் சங்கிலியாக நின்றால் எதையும் வெட்டாது. தலா 99 அமினோ அமிலங்கள் கொண்ட, ஒரே மாதிரியான இரண்டு புரதச் சங்கிலிகள் கத்தரியின் இரு அலகுகளைப் போலச் சேர்ந்தால்தான் அதற்கு வேலை. வெட்டும் இடத்துக்கு வேண்டிய இரண்டு அஸ்பார்டிக் அமிலங்களில் அவை ஆளுக்கொன்றைத் தருகின்றன. 1989இல் இந்த அமைப்பு தெளிவானது. வெட்டும் இடத்தை அடைப்பதைவிட, இரண்டையும் சேரவே விடாமல் தடுக்கலாமே என்ற எண்ணம் ஆய்வாளர்களுக்கு அதிலிருந்தே பிறந்தது.

எண்ணம் நியாயமானதுதான். வெட்டும் இடத்தை அடைக்கும் மருந்துகளில் முதலாவதான சக்வினாவிர் 1995 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. அந்த மருந்துகள் உயிர்களைக் காத்தன. அவற்றுக்கு அடங்காத திரிபுகளும் கூடவே முளைத்தன. இணைவதைத் தடுக்கும் மருந்துக்கு இந்த ஆபத்தே இல்லை, ஒட்டும் பரப்பின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் மாறினால்தானே வைரஸ் தப்பும் என்றொரு வாதம் உண்டு. நம்பிவிடாதீர்கள். இரண்டு சங்கிலிகளும் ஒரே மரபணுவிலிருந்து வருபவை. அதில் ஓர் எழுத்து மாறினால் இரு பக்கமும் சேர்ந்தே மாறிவிடும்.

டாருனாவிரைப் பாருங்கள். 2006இல் ஒப்புதல் பெற்ற இந்த மருந்து வெட்டும் இடத்தை அடைப்பதோடு, சங்கிலிகள் இணைவதையும் தடுக்கிறது என்று ஹிரோவாகி மிட்சுயாவின் குழு 2007இல் காட்டியது. வைரஸ் இந்த மருந்தை எதிர்த்து நிற்கப் பழகியபோது இணைவதைத் தடுக்கும் அந்த ஆற்றலும் போய்விடுவதை 2011இல் காட்டியதும் அதே குழுதான்.

இதைவிடக் கவலை தருவது மெர்ஸ் வைரஸின் புரோட்டியேஸ். அதன் சங்கிலிகள் தளர்வாகவே சேர்பவை. 2015இல் வெளியான ஆய்வில், வெட்டும் இடத்தை அடைக்க அனுப்பிய மூலக்கூறு குறைந்த அளவில் இருந்தபோது ஒரு சங்கிலியில் போய் அமர்ந்து, இன்னொன்றையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டது. இந்த இணைக்கு வெட்டும் இடம் இரண்டு. ஒன்று அடைபட, மற்றது வெட்டத் தொடங்கியது. நொதியைத் தடுக்கப் போன மருந்தே அதன் வேகத்தைக் கூட்டியது; அளவை ஏற்றிய பிறகுதான் அடங்கியது. எச்.ஐ.வி.யின் இன்னொரு நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸின் இரு சங்கிலிகளை எஃபாவிரென்ஸ் என்ற மருந்து இன்னும் இறுக்கமாகச் சேர்க்கிறது என்பதும் 2001இலேயே தெரிந்த செய்தி. இவை ஆய்வகத்தில் கண்டவைதான். ஆனால், உடலில் மருந்தின் அளவு வேளைக்கு வேளை ஏறி இறங்குகிறது. இறங்கும் நேரத்தில் நொதி என்ன செய்யும் என்று பார்க்காமல் ஒரு மூலக்கூறை மருந்து என்று அழைப்பது ஆபத்து.

வைரஸ் நொதியின் இணையைப் பிரிப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட எந்த மருந்தும் இதுவரை ஒப்புதல் பெறவில்லை. புதிய மூலக்கூறு வைரஸை ஒழித்துவிடும் என்ற செய்தியைப் படித்தால், ஆய்வு சோதனைக் குழாயில் நடந்ததா, உயிருள்ள செல்லில் நடந்ததா, குறைந்த அளவிலும் சோதித்தார்களா என்று தேடிப் பாருங்கள். எச்.ஐ.வி. மாத்திரை எடுப்பவர்கள் அத்தகைய செய்தியை நம்பி ஒரு வேளையைக்கூட விட வேண்டாம். அரைகுறை மருந்தின் நடுவே பெருகும் வைரஸ்தான் அதை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது.