படகு இயந்திரத்தின் புகைபோக்கில் நீராவி

நமது கடல் மீன்பிடித் தொழிலின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது விசைப்படகுகளுக்குக் கிடைக்கும் கவனம், நாட்டுப்படகின் பின்புறத்தில் மாட்டப்படும் சிறு இயந்திரத்திற்குக் கிடைப்பதில்லை. ஐக்கிய நாடுகள் சபை, நார்வே, இந்தியா ஆகிய முத்தரப்பினரும் 1952ஆம் ஆண்டு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாகக் கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் படகின் உள்ளே பொருத்தும் டீசல் இயந்திரங்கள் அறிமுகமாயின. வள்ளங்களுக்கு 'அவுட்போர்டு' எனப்படும் புறப்பொருத்து இயந்திரங்கள் பெருமளவில் வந்து சேர்ந்தது 1980களில்தான். 2010ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட கடல் மீனவர் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுக் கடல் மீன்பிடிக் கலங்களில் சுமார் 37 விழுக்காடு, பயணத்திற்கு மட்டும் இயந்திரத்தைப் பயன்படுத்துபவை.

இவற்றுள் பல, கடனும் மானியமும் கொண்டு வாங்கப்பட்டவை. இயந்திரம் கடலில் இறுகி நின்றுவிட்டால் தொழில் நின்றுவிடும், தவணை நிற்பதில்லை. கடன் நிலுவைக்குக் காரணம் கேட்கும் அலுவலருக்கு 'என்ஜின் பழுது' என்ற இரண்டு சொற்களே விடையாகக் கிடைக்கின்றன. அப்பழுதுகளில் கணிசமானவை மிகைவெப்பத்தால் நேர்பவை. புகைபோக்கில் தோன்றும் நீராவி அதன் முன்னறிவிப்பு. அதைச் சரியாகப் படித்தறிவது எவ்வாறு என்பதைக் காண்போம்.

நீர் செல்லும் வழி

மோட்டார் வாகனத்தில் இருப்பதுபோன்ற குளிர்விக்கும் தொட்டி இந்த இயந்திரத்தில் இல்லை. கடல்நீரே நேராகக் குளிர்விக்கிறது. நீரில் மூழ்கியிருக்கும் கால் பகுதியில் உள்ள சல்லடை வழியாக நீர் உள்ளே நுழைகிறது. அங்கே சுழலும் சிறு ரப்பர்ச் சக்கரம் (இம்பெல்லர்) அந்நீரை ஒரு குழாய் வழியாக மேலே தள்ளுகிறது. சிலிண்டரையும் அதன் தலையையும் சுற்றி வந்த நீர், கழிவுப் புகையோடு கலந்து, புகையையும் குளிர்வித்துக்கொண்டு கீழே இறங்கி வெளியேறுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் பின்புறத்திலுள்ள அடையாளத் துளை வழியாக மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். நீர் ஓடுகிறதா என்று ஓட்டுபவர் பார்த்துக்கொள்வதற்காக அமைந்தது அது.

புகையும் நீரும் ஒரே வழியில் வெளியேறுவதால் ஒரு மயக்கம் நேர்கிறது. 'ஆவி இவ்வளவு வருகிறதே, நீர் நன்றாகத்தான் ஓடுகிறது' என்று எண்ணிக்கொள்பவர் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. ஒரு லிட்டர் நீர் முழுவதும் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே கையளவு நீர் கொதித்தாலும் வெண்மேகம் போலத் தோன்றும். வெப்பத்தைச் சுமந்து செல்லப் போதிய நீர் இருந்தால் அது கொதிப்பதே இல்லை. வெதுவெதுப்பான நீராகவே வெளிவரும். நீர் குறையும்போதுதான் ஆவி மிகுகிறது. நீர் அறவே நின்றபின் ஆவியும் மறைந்துவிடும். அதனைக் குணமாகிவிட்டதன் அறிகுறி என்று கொள்வது பேராபத்து.

எல்லா ஆவியும் நோயின் அடையாளம் அன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. டிசம்பர், சனவரி மாத வைகறையில் சிலிகா ஏரியில் படகைக் கிளப்புபவர் இதனை வெண்மூச்சாகக் காணலாம்; வெயில் ஏறினால் மறையும். நீலச்சாயலுடன் காற்றில் தங்கி நிற்பது எண்ணெய்ப் புகை, அது வேறு. ஓட ஓட மிகுந்து, வேகத்தைக் கூட்டியதும் மேலும் பெருகும் ஆவியே கவலைக்குரியது.

ஐயம் தோன்றினால் இயந்திரத்தை நிறுத்தி, மேல்மூடியைக் கழற்றி, சிலிண்டர் தலையில் ஒரு துளி நீர் விட்டுப் பார்க்கலாம். அது சீறித் துள்ளி மறைந்தால் வெப்பம் 100 பாகை செல்சியசைத் தாண்டிவிட்டது. அதைக் கண்டு பதறி ஒரு வாளிக் கடல்நீரைத் தலையில் ஊற்றிவிடக்கூடாது. சூடேறிய அலுமினியம் கோணிக்கொள்ளும்.

எதை முதலில் பார்ப்பது

செலவில்லாததை முதலில் பார்ப்பதே முறை. இக்காலத்தில் சல்லடையை அடைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பை. காலைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அடையாளத் துளையில் மட்டும் உப்போ மணலோ அடைத்திருக்கக்கூடும். ஒரு துண்டுத் தங்கூசி நரம்பை விட்டுக் குத்தினால் தாரை திரும்பும். துளை அடைத்திருப்பதாலேயே இயந்திரத்தில் நீர் இல்லை என்றோ, தாரை வருவதாலேயே எல்லாம் நலம் என்றோ முடிவு செய்ய இயலாது.

அடுத்தது ரப்பர்ச் சக்கரம். அலைகளைக் கடந்து மணற்கரையிலிருந்து இறங்கும் படகுகளில் மணல் இதனை அராவிவிடுகிறது. கரையில் நீரின்றி இயந்திரத்தை 'ஓட்டிப் பார்ப்பது' சில நொடிகளிலேயே இதனைக் கருக்கத் தொடங்கிவிடும். இதழ் ஒன்று முறிந்திருந்தால் புதுச் சக்கரம் போட்டால் மட்டும் போதாது. முறிந்த துண்டு மேலே சென்று வழியை அடைத்திருக்கும். அதைத் தேடி எடுக்கவேண்டும். காலைத் திரும்பப் பூட்டும்போது நீர்க்குழாய் தன் ரப்பர்ப் பூணில் சரியாக உட்காராமல் போவதும் வழக்கமான தவறு. பட்டறையிலிருந்து வந்த அன்றே இயந்திரம் சூடேறினால் முதலில் ஐயுற வேண்டிய இடம் இதுதான்.

நீர் தாராளமாகப் பீய்ச்சியும் ஆவி வந்தால், வெப்பநிலையைச் சீராக்கும் தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். எல்லாச் சிறு இயந்திரங்களிலும் இது இருப்பதில்லை. இருப்பவற்றில் பெரும்பாலும் 50, 60 பாகை அளவில் இது திறக்கவேண்டும். வெந்நீரில் இட்டுச் சோதிக்கலாம். தொல்லை தருகிறது என்று இதனைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கத்தைப் பல கடற்கரைகளில் காணலாம். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் இயந்திரத்தில் இது கூடாது. மண்ணெண்ணெய் ஆவியாக வெப்பம் தேவை. குளிர்ந்த சிலிண்டரில் அது முழுதும் எரியாமல் கரியாகப் படியும். மிகைவெப்பத்திற்குப் பயந்து செய்த காரியம் எரிபொருள் செலவைக் கூட்டிவிடுகிறது.

எஞ்சியது சிலிண்டர் தலையின் கேஸ்கெட். அது கசிந்தால் நீர் எரியறைக்குள்ளேயே புகுந்து ஆவியாகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அது ஈரமாகவோ கழுவிவிட்டதுபோல் பளிச்சென்றோ இருக்கும். இது பட்டறை வேலை; அதுவரை கடலுக்குச் செல்லாதிருப்பதே நன்று.

உப்பும் கிணற்று நீரும்

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. சூடேறும்போது அதிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் நீர்வழிகளில் படிந்து அவற்றைக் குறுக்குகின்றன. ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் நன்னீரில் சில நிமிடங்கள் ஓட்டுக என்று கையேடுகள் கூறுவது இதனால்தான். குடிநீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கும் குப்பத்தில் இந்த அறிவுரை எடுபடாததில் வியப்பில்லை. ஆனால் குடிக்க உதவாத உவர்க்கிணற்று நீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பே இருக்குமானால், அது கடல்நீரைவிடப் பதினேழு மடங்கு நல்லது. கழுவுவதற்கு அது போதும். இறங்குதுறையில் ஒரு பீப்பாயை வைத்து அந்நீரை நிரப்பினால் சில இயந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக் கழுவலாம். நீர் சூடேறிவிட்டாலோ எண்ணெய் மிதந்தாலோ உடனே மாற்றவேண்டும். சுழல்விசிறியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது பாதுகாப்பானது. சங்கத்தின் வழியாக இயந்திரம் வழங்கும் திட்ட மதிப்பீட்டில் இந்தப் பீப்பாயும், இயந்திரத்திற்கு ஓர் உபரி ரப்பர்ச் சக்கரமும் சேர்க்கப்படுமானால் மொத்தத் தொகையில் தெரியும் வேறுபாடு மிகச் சொற்பமே.