35 வருடம் ஜெயித்த கட்சி, வீட்டு வாடகையில் தோற்ற கதை: ஷெஃபீல்டு மாநகராட்சியில் 1968-ல் என்ன நடந்தது?

உங்கள் ஹவுஸ் ஓனர் திடீரென்று வாடகையை ஏற்றிவிட்டார். என்ன செய்வீர்கள்? கொஞ்சம் புலம்புவீர்கள், பேசிப் பார்ப்பீர்கள், சரிவரவில்லை என்றால் வேறு வீடு தேடுவீர்கள். ஆனால் அந்த ஓனரையே ஓட்டுப் போட்டு மாற்ற முடியும் என்றால்?

1968 மே மாதம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. 1933-லிருந்து அசைக்க முடியாமல் இருந்த லேபர் கட்சி, மாநகராட்சியை கன்சர்வேட்டிவ் கட்சியிடம் பறிகொடுத்தது. தோல்விக்கான காரணங்களில் ஒன்று, வீட்டு வாடகை.

ஷெஃபீல்டு என்ன மாதிரி ஊர்?

சுருக்கமாகச் சொன்னால், எஃகு ஊர். கத்தி, கத்தரிக்கோல், ஸ்பூன் தொடங்கி பெரிய இயந்திர பாகங்கள் வரை எல்லாம் அங்கே தயாராகின. துருப்பிடிக்காத எஃகு என்றாலே ஹாரி பிரியர்லி என்ற பெயர் வரும். அவர் 1913-ல் ஆய்வு செய்ததும் இங்கேதான்.

ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் என்பதால் லேபர் கட்சிக்கு இது கோட்டை. 1926-ல் மாநகராட்சி அதன் கைக்கு வந்தது. பிரிட்டனின் பெரிய நகரங்களில் லேபர் முதலில் பிடித்தது இதைத்தான். 1932-ல் ஒரு வருடம் மட்டும் கைநழுவியது. அதன்பிறகு 1968 வரை வேறு யாரும் உள்ளே வர முடியவில்லை.

மாநகராட்சி எப்படி ஹவுஸ் ஓனர் ஆனது?

இரண்டாம் உலகப் போரில், 1940 டிசம்பரில், ஜெர்மன் விமானங்கள் ஷெஃபீல்டு மீது குண்டு வீசின. நகர மையம் நொறுங்கியது. ஏற்கெனவே ஆலைகளைச் சுற்றி, முதுகோடு முதுகு ஒட்டிய இருட்டு வீடுகள் ஏராளம். பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை.

போர் முடிந்ததும் இதையெல்லாம் இடித்துவிட்டுப் புது வீடு கட்டும் வேலையை மாநகராட்சி எடுத்துக்கொண்டது. அதில் மிகப் பிரபலமானது பார்க் ஹில். ரயில் நிலையத்துக்கு மேலே, மலைச்சரிவில் 995 ஃபிளாட்டுகள். 1961-ல் திறந்தார்கள். மேல்மாடியிலும் வாசலுக்கு வெளியே தெரு மாதிரி அகலமான நடைபாதை. பால் வண்டியே அதில் ஓட்டிக்கொண்டு போகலாம்.

இந்த வீடுகளைக் கட்டியது மாநகராட்சி. வாடகை வசூலிப்பதும் மாநகராட்சி. வாடகை எவ்வளவு என்று முடிவு செய்கிறவர்களோ, குடியிருப்பவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய கவுன்சிலர்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதாகப் புரியும்.

ஓட்டு யாருக்கு இருந்தது?

போருக்கு முன்னால் உள்ளாட்சித் தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. வீட்டின் சொந்தக்காரர் அல்லது வாடகைக்கு எடுத்தவர், அவருடைய மனைவி, இவர்களுக்குத்தான் பெரும்பாலும் ஓட்டு. பெற்றோர் வீட்டில் தங்கி வேலைக்குப் போகும் 25 வயது மகன், எம்.பி. தேர்தலில் ஓட்டுப் போடலாம். கவுன்சிலர் தேர்தலில் முடியாது.

1945-ல் சட்டம் மாறியது. எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க ஓட்டு இருக்கும் எல்லோருக்கும் உள்ளாட்சியிலும் ஓட்டு வந்தது. அந்த மகனும் மகளும் உள்ளே வந்தார்கள். (ஓட்டு வயது அப்போது 21. அதை 18 ஆகக் குறைத்தது 1969 சட்டம்.)

இன்னொரு ஆச்சரியம்: 1969 சட்டம் வரும் வரை ஓட்டுச்சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது. வேட்பாளர் பெயரைப் பார்த்து, "இவர் எந்தக் கட்சி" என்று நீங்களே ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

'ஆல்டர்மேன்' என்றால் யார்?

ஒரு வார்டுக்கு மூன்று கவுன்சிலர்கள். ஒவ்வொரு வருடமும் மூன்றில் ஒருவருக்குத் தேர்தல். அதாவது கிட்டத்தட்ட வருடா வருடம் தேர்தல்தான். ஆனால் ஒரே தேர்தலில் மொத்த மன்றமும் மாறாது.

இதோடு ஆல்டர்மேன்கள் என்று ஒரு கூட்டம். இவர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள். மூன்று கவுன்சிலருக்கு ஓர் ஆல்டர்மேன் என்ற கணக்கு, ஆறு வருடப் பதவி. கவுன்சிலர் மாதிரியே மன்றத்தில் ஓட்டும் உண்டு. நீண்ட காலம் ஆளும் கட்சிக்கு இது நல்ல இன்சூரன்ஸ். வார்டில் கொஞ்சம் சறுக்கினாலும் மேலே ஆல்டர்மேன்கள் தாங்கிப் பிடிப்பார்கள். 1974-ல் உள்ளாட்சி சீர்திருத்தம் வந்தபோதுதான் ஷெஃபீல்டு போன்ற நகரங்களில் இந்தப் பதவி முடிவுக்கு வந்தது.

இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் 1968-ல் லேபர் விழுந்தது. அப்படியென்றால் அடி எவ்வளவு பலமாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, வாடகையில் என்ன பிரச்சினை?

வீடு கட்ட மாநகராட்சி கடன் வாங்கியிருந்தது. வட்டி ஏறிக்கொண்டே போனது. வாடகை வருமானம் போதவில்லை. அதனால் 1967-ல் ஒரு புதுத் திட்டம்: பொதுவாக வாடகை உயரும், வருமானம் குறைவாக உள்ள குடும்பத்துக்குத் தள்ளுபடி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? வசதி உள்ளவர் கொஞ்சம் அதிகம் கொடுத்தால், இல்லாதவர் கொஞ்சம் குறைவாகக் கொடுக்கலாம்.

சிக்கல் அடுத்த வரியில் இருந்தது. வீட்டில் சம்பாதிக்கும் பெரியவர்கள் கூடுதலாக இருந்தால் அதற்கும் கூடுதல் தொகை. அதாவது, ஆலைக்குப் போகும் மகன், கடையில் வேலை பார்க்கும் மகள், இவர்கள் அப்பா அம்மாவோடு தங்கியிருந்தால் வாடகை ஏறும். "எங்க பையன் எங்க வீட்டுல இருக்கறதுக்கு வரியா?" என்பதுதான் குடியிருப்போரின் கோபம். வருமானத்தைத் தோண்டி விசாரிப்பதும் பலருக்குப் பிடிக்கவில்லை. வறுமைக் காலத்து உதவித்தொகை விசாரணைகளை வயதானவர்கள் மறந்திருக்கவில்லை.

குடியிருப்போர் சங்கங்கள் பல எஸ்டேட்களில் முளைத்து, ஒன்றாகச் சேர்ந்தன. கூட்டம், ஊர்வலம் எல்லாம் நடந்தன. உயர்த்திய வாடகையைக் கட்ட மறுக்கும் போராட்டமும் நடந்தது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 1945-ல் உள்ளாட்சி ஓட்டு புதிதாகக் கிடைத்தது யாருக்கு? பெற்றோர் வீட்டில் தங்கியிருக்கும் பெரிய பிள்ளைகளுக்கு. 1967-ல் கூடுதல் தொகை விழுந்தது யார் பெயரில்? அதே பெரிய பிள்ளைகள் பெயரில்.

வாடகை மட்டும்தான் காரணமா?

இல்லை. நேர்மையாகச் சொன்னால் காற்றே லேபருக்கு எதிராக வீசிய நேரம் அது. லண்டனில் ஹரால்ட் வில்சன் தலைமையில் லேபர் அரசு. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைத்தார்கள். 1968 மே உள்ளாட்சித் தேர்தலில் நாடு முழுக்க லேபர் அடி வாங்கியது.

ஆனால் கோட்டை என்று பெயர் வாங்கிய ஊரில், தன் சொந்த ஓட்டு வங்கியான மாநகராட்சி வாடகைதாரர்களோடு சண்டை போட்டுக்கொண்டு அந்தத் தேர்தலுக்குப் போனது லேபர். கோபப்பட்டவர் எதிர்க்கட்சிக்குத்தான் போட வேண்டும் என்பதில்லை. வழக்கமாக ஓட்டுப் போடுகிறவர் அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிட்டால் போதும். மூன்றில் ஒருவர் ஓட்டுப் போட்டாலே பெரிது என்கிற உள்ளாட்சித் தேர்தலில், வராத ஓட்டும் முடிவை மாற்றும்.

அப்புறம் என்ன ஆச்சு?

அடுத்த வருடமே, 1969-ல், லேபர் திரும்பி வந்தது. 1970-ல் டேவிட் பிளங்கெட் என்ற 22 வயது மாணவர் கவுன்சிலர் ஆனார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பத்து வருடத்தில் மாநகராட்சித் தலைவர், பிறகு நாட்டின் உள்துறை அமைச்சர்.

வாடகைத் தள்ளுபடித் திட்டம்? 1972-ல் கன்சர்வேட்டிவ் அரசு அதை நாடு முழுவதற்கும் கட்டாயம் ஆக்கியது, கூடவே வாடகை உயர்வும். ஷெஃபீல்டுக்குத் தெற்கே கிளே கிராஸ் என்ற சிறிய ஊரின் 11 லேபர் கவுன்சிலர்கள் வாடகையை உயர்த்த மறுத்து, பதவியையே இழந்தார்கள்.

இன்றைக்கு இதில் நமக்கு என்ன?

2012-ல் சாலைப் பராமரிப்பை 25 வருட ஒப்பந்தத்தில் ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்தது ஷெஃபீல்டு மாநகராட்சி. ஆயிரக்கணக்கான தெரு மரங்கள் வெட்டப்பட்டன. மரத்தைக் காக்க நின்ற வயதானவர்கள்கூடக் கைதானார்கள். 2021 மே தேர்தலில் லேபர் பெரும்பான்மையை இழந்தது. அதே நாளில் நடந்த வாக்கெடுப்பில், ஒரு தலைவரும் சின்ன அமைச்சரவையும் முடிவெடுக்கும் முறை வேண்டாம், எல்லாக் கட்சி கவுன்சிலர்களும் உட்காரும் குழுக்கள்தான் முடிவெடுக்க வேண்டும் என்று சுமார் 65% பேர் சொன்னார்கள்.

1968-ல் வாடகை, 2021-ல் மரம். இரண்டிலும் மாநகராட்சியிடம் கணக்கு இருந்தது, காரணமும் இருந்தது. யார் வாசலில் அந்த முடிவு போய் விழுகிறதோ, அவரிடம் முதலிலேயே கேட்கவில்லை என்பதுதான் பிரச்சினை. கேட்காமல் விட்டதை ஊர் ஞாபகம் வைத்திருந்து, ஓட்டுப் போடும் நாளில் சொன்னது.