பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு மணி நேரம்

வட சென்னையில் உயிர் காப்பது கட்டடமா, கடிகாரமா?

திருவொற்றியூரில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சை அடைத்தால் முதலில் வருவது சோடா. அடுத்து ஓமத் தண்ணீர். “கேஸ் டிரபிளாதான் இருக்கும், படுத்தா சரியாயிடும்” என்று வீட்டில் ஒரு சமாதானம். வியர்வை கொட்டி, வலி இடது கைக்கு இறங்கிய பிறகுதான் ஆட்டோ தேடுவார்கள். அதற்குள் முக்கால் மணி நேரம் போயிருக்கும். அந்த நேரம் எந்த ஆஸ்பத்திரியின் கணக்கிலும் ஏறுவதில்லை.

மாரடைப்பில் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கிறது. நோயாளி வந்த 10 நிமிடங்களுக்குள் ஈசிஜி, 30 நிமிடங்களுக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் 90 நிமிடங்களுக்குள் என்பது மருத்துவ உலகம் வகுத்த கெடு. பக்கவாதத்துக்கு ஊசி போட, அறிகுறி தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரம்தான் அவகாசம்.

தமிழ்நாடு காட்டிய வழி

இந்தக் கெடுவை எட்ட ஊருக்கு ஊர் இதய ஆஸ்பத்திரி கட்ட வேண்டியதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கோவை இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர் தலைமையில் நடந்த ஆய்வில், சிறிய ஆஸ்பத்திரிகள் ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைக்கப்பட்டன. யாரை எங்கே, எப்போது அனுப்புவது என்பது முன்கூட்டியே முடிவானது. 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்பாடு மாறியது, அவ்வளவுதான்.

2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டமும் இதே வழிதான். நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் என மொத்தம் 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்து, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. முன்பணம் எங்கே என்று கேட்டு நோயாளியை நிறுத்திவைக்கும் தாமதத்தை அது குறிவைத்தது.

லாரிக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஒரே சாலை

திருவொற்றியூர், எண்ணூர் மக்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஸ்டான்லிதான். பழைய தலைமுறை இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லும். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய இடத்தில் தொடங்கிய வரலாறு அதற்கு. திருவொற்றியூரிலிருந்து தூரம் அதிகமில்லை. ஆனால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இங்கே ஆபத்து ஒருவர் ஒருவராக மட்டும் வருவதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சுத் திணற மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். இப்படி ஒரே நேரத்தில் கூட்டம் வரும்போது யாருக்கு உடனே ஆக்சிஜன் வேண்டும், யார் கண்ணைத் தண்ணீரில் கழுவிவிட்டுக் காத்திருக்கலாம் என்று வாசலிலேயே பிரிக்கத் தெரிய வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் அந்த முறை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோடு நின்றுவிடக் கூடாது. ரசாயனத் தொழிற்சாலைகள் சூழ்ந்த இந்தப் பகுதியில் ஒவ்வொரு சிறிய ஆஸ்பத்திரிக்கும் அது கைவர வேண்டும்.

என்ன செய்யலாம்?

நெஞ்சு வலிக்கான முதல் மாத்திரைகளும் ஈசிஜியும் இந்தப் பகுதியில் இரவிலும் கிடைக்க வேண்டும். துறைமுகச் சாலையில் ஆம்புலன்ஸுக்கென்று ஒரு தடம் எந்நேரமும் காலியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு அரசு, தனியார் ஆஸ்பத்திரியும் நோயாளி வந்த நேரம், ஈசிஜி எடுத்த நேரம், ஊசி போட்ட நேரம் மூன்றையும் குறித்து, மாதந்தோறும் சராசரியை வாசலில் ஒட்ட வேண்டும். எத்தனை படுக்கை என்பதைவிட எத்தனை நிமிடம் என்பதே தரத்துக்கு அளவுகோல்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நெஞ்சு அடைத்தால் சோடா தேடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்துவைத்து, டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.