ரோட்டில் திணறும் டிராக்டர்... இன்ஜின் மேல் பழி போடாதீங்க!

வயலில் சிங்கமாக உழுத டிராக்டர், தார் ரோட்டில் ஏறியதும் பிரேக் பிடித்ததுபோலத் திணறுகிறதா? ஸ்டீயரிங் கனக்கிறதா? முதலில் ஃபோர் வீல் டிரைவ் லீவரைப் பாருங்கள்.

அது போட்டிருந்தால், முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சற்று முந்தி ஓடப் பார்க்கும். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும். ரோட்டில் வழுக்க வழியில்லை. ஷாஃப்டும் கியரும் முறுக்கேறும். முன் டயர் சீக்கிரம் தேயும். கியர் உடைந்தால் பெரிய செலவு!

லீவர் விடுபட மறுக்கிறதா? மெதுவாகச் சில அடி ரிவர்ஸ் எடுங்கள். முறுக்கு தளர்ந்து லீவர் வந்துவிடும்.

வயலிலும் இழுக்கிறதா? நான்கு டயரிலும் காற்று சரியா, கம்பெனி சொன்ன அளவு டயர்தானா என்று பாருங்கள். முன் டயரை ஜோடியாகவே மாற்றுங்கள்.

லீவரை எடுத்தபிறகும் இழுத்தால் தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வயலைவிட்டு ஏறும்போதே லீவரை எடுக்கப் பழகிவிட்டால், பாதித் தொல்லை குறையும்!