அங்கன்வாடிப் பணியாளரும் தொழிற்சங்கமும்: ஊராட்சிகள் அறிய வேண்டுவன

கிராம வளர்ச்சிப் பணிகளுள் சாலையும் கிணறும் பள்ளிக் கட்டடமும் எவர் கண்ணுக்கும் உடனே புலனாகும். குழந்தைகள் நலமும் தாய்மார் நலமும் அவ்வாறு புலனாவன அல்ல. எனினும் ஒரு கிராமத்தின் வருங்காலம் இவற்றையே சார்ந்து நிற்கின்றது. இப்பணியை ஊர்தோறும் ஆற்றி வருபவர் அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் ஆவர். அவர்தம் பணிநிலை எத்தகையது, அவர்கள் சங்கம் அமைப்பது எதன்பொருட்டு, இதில் ஊராட்சியின் கடமை யாது என்பவற்றை ஊராட்சி உறுப்பினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

பணியின் அளவு

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் நாடெங்கிலும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. கிராமங்களில் 400 முதல் 800 வரை மக்கள் வாழும் பகுதிக்கு ஒரு மையம் என்பது பொது விதி. இணை உணவு, தடுப்பூசி, உடற்பரிசோதனை, நோயுற்றோரை மருத்துவமனைக்கு அனுப்புதல், சத்துணவு மற்றும் சுகாதாரப் போதனை, பள்ளி முன்பருவக் கல்வி ஆகிய ஆறு சேவைகளும் இம்மையத்தின் வாயிலாகவே மக்களை அடைகின்றன. நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் தாய்மார் கவலையின்றி வயலுக்குச் செல்ல முடிவது குழந்தைகளுக்கு இம்மையம் இருப்பதனால் அன்றோ? பதிவேடுகளுடன், 2021 முதல் ‘போஷண் டிராக்கர்’ என்னும் கைப்பேசிச் செயலியில் விவரங்களைப் பதியும் வேலையும் சேர்ந்துள்ளது.

சேவையும் ஊதியமும்

இத்துணைப் பணிக்கும் நடுவண் திட்டம் அளிப்பது ‘ஊதியம்’ அன்று. ‘மதிப்பூதியம்’ என்பதே அதன் பெயர். 2018 அக்டோபரில் இது பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாகவும், உதவியாளருக்கு 1,500 ரூபாயிலிருந்து 2,250 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. மாநிலங்கள் தத்தம் நிதியிலிருந்து இதற்கு மேலும் அளிக்கின்றன. தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் நடைமுறையில் உள்ளது. அரசு ஊழியருக்குரிய முழுமையான காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் வேண்டும் என்பது சங்கங்களின் நெடுநாளைய கோரிக்கை.

‘சேவை செய்பவர் ஊதியத்தைப் பற்றிப் பேசலாமா?’ என்று சிலர் வினவுவதுண்டு. ஆசிரியரும் மருத்துவரும் செய்வதும் சேவைதான். அவர்கள் ஊதியம் பெறுவதால் அச்சேவையின் பெருமை குன்றவில்லை. குழந்தைக்குச் சோறூட்டுபவரின் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

சங்கம் எதற்காக?

1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைமையேற்க, திரு. வி. க. போன்றோர் துணைநின்றனர். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் வேலை செய்தமையால் ஒருவர் குறையை மற்றவர் அறிந்து ஒன்றுபட முடிந்தது. அங்கன்வாடிப் பணியாளரின் நிலை வேறு. ஓர் ஊருக்கு ஒருவர் அல்லது இருவர். அடுத்த மையமோ அடுத்த ஊரில். தனித்து நிற்பவருக்குச் சங்கமே பொதுக் கூரை ஆகின்றது.

இதனை விவசாயிகளுக்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை. தனி ஒருவர் பால் விற்கும்போது விலை பேச வலுவில்லை. பால் உற்பத்தியாளர் சங்கமாகக் கூடும்போது அவ்வலு பிறக்கின்றது. தொழிற்சங்கமும் அத்தகையதே. சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19ஆம் விதியில் அடங்கியது. நியாயமான, மனிதத்தன்மை வாய்ந்த பணிநிலைக்கு அரசு வகைசெய்ய வேண்டுமென 42ஆம் விதி நெறி கூறுகின்றது.

சங்கங்களின் முயற்சி வீண்போகவில்லை. 2006இல் கர்நாடக வழக்கொன்றில், அங்கன்வாடிப் பணி அரசுப் பதவி ஆகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளரைத் தொழிலாளராக ஏற்று, குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்கப் பரிந்துரைத்தது. 2022 ஏப்ரல் 25இல், குஜராத்திலிருந்து வந்த வழக்கில், 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பொருந்தும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. அச்சட்டம், ஐந்தாண்டுகளுக்குக் குறையாது பணியாற்றி ஓய்வு பெறுபவருக்கு, நிறைவுற்ற ஒவ்வோராண்டுக்கும் பதினைந்து நாள் ஊதிய வீதம் பணிக்கொடை வழங்க வகைசெய்தது.

ஊராட்சியின் கடமை

ஊதியத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. ஆயினும் பணிநிலையின் பெரும்பகுதி உள்ளூரிலேயே அமைகின்றது. அரசியலமைப்பின் பதினொன்றாம் அட்டவணை, பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களுள் ஒன்றாகக் குறித்துள்ளது. ஆகவே பின்வருவனவற்றை ஊராட்சிகள் கவனித்தல் வேண்டும்.

முதலாவது: மையத்தின் கூரை, குடிநீர், கழிவறை, மின்விளக்கு ஆகியவற்றை ஆண்டுக்கு இருமுறையேனும் நேரிற் பார்வையிட்டுப் பழுது நீக்குதல். கழிவறையற்ற மையத்தில் நாள் முழுதும் இருக்கும் பெண்களின் துன்பம் சொல்லாமலே விளங்கும்.

இரண்டாவது: திட்டத்திற்குப் புறம்பான வேலைகளை அவர்மீது சுமத்தாமை. விழாவுக்குக் கூட்டம் சேர்ப்பது அவருடைய வேலை அன்று.

மூன்றாவது: காய்கறிக்கும் எரிபொருளுக்கும் உரிய தொகை வரத் தாமதமாகி, பணியாளர் கைப்பணம் செலவிட நேருமாயின், அதனைக் கிராம சபையில் தீர்மானமாக்கி மேலிடத்திற்குத் தெரிவித்தல்.

நான்காவது: பணியிடத்தில் பாலியல் தொல்லை நேருமாயின், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத்தில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. வட்டாரத்தில் புகார் பெற நியமிக்கப்பட்ட பொறுப்பு அலுவலர் அதனை ஏழு நாட்களுக்குள் அக்குழுவிற்கு அனுப்ப வேண்டும். மதிப்பூதியம் பெறுவோருக்கும் இப்பாதுகாப்பு உரியது. இவ்விவரத்தை மையத்தின் சுவரில் எழுதி வைக்கலாம்.

ஐந்தாவது: சங்கத்தில் சேர்ந்தார் என்பதற்காக எவரையும் பகையாக நோக்காமை.

இருபாலும் பொறுப்பு

சங்கத்தினருக்கும் கடமை உண்டு. கணக்கும் பதிவேடும் செம்மையாக இருப்பின் கோரிக்கைக்கு வலு கூடும். வேலைநிறுத்தம் தவிர்க்க முடியாததாயின், முன்கூட்டியே ஊராருக்கு அறிவித்தல் நன்று. குழந்தையை எங்கே விடுவது என்று வயலுக்குப் புறப்படும் தாய் திகைத்து நிற்றலாகாது. முன்னறிவிப்பு இருந்தால் ஊராரும் மாற்று ஏற்பாடு செய்வர்; கோரிக்கையின் நியாயத்தையும் உணர்வர்.

வரும் கிராம சபைக் கூட்டத்திற்கு அங்கன்வாடிப் பணியாளரையும் உதவியாளரையும் அழைத்து, அவர்தம் குறைகளைக் கேட்டறியுங்கள். ஊராட்சியால் தீர்க்கக்கூடியவற்றை அன்றே தீர்மானமாக்குங்கள். ஏனையவற்றை ஒன்றிய அலுவலகத்திற்கு எழுத்தில் அனுப்புங்கள். பணியாளர் நலம் பேணும் ஊரில் குழந்தைகள் நலமும் ஓங்கும்.