கணிதப் பழக்கமும் படிப்புதவித் தேர்வும்

கல்வியைப் பெறுதற்கு அறிவும் ஊக்கமும் இன்றியமையாதன என்பதை யாவரும் ஒப்புவர். அவற்றோடு சிறிது பொருளும் வேண்டும் என்பதை ஏழை மாணாக்கனே நன்குணர்வான். எட்டாம் வகுப்பு வரையில் ஊர்ப் பள்ளியிற் படித்து வந்த பிள்ளை, அதற்குமேல் படிப்பதா, அன்றி வீட்டின் வருவாய்க்குக் கை கொடுப்பதா என்னும் கேள்வி பல குடும்பங்களில் அவ்வயதிலேயே எழுகின்றது. இக்கேள்விக்கு நல்விடை கிடைக்க ஒரு தேர்வு எங்ஙனம் துணைபுரியும் என்பதையும், அத்தேர்வுக்குரிய கணிதத்தை எவ்வாறு பழகவேண்டும் என்பதையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

சென்னையினின்று கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயில் எண்ணூரைக் கடந்ததும், அத்திப்பட்டுப் புதுநகர், அத்திப்பட்டு என்னும் இரு நிலையங்களில் அடுத்தடுத்து நிற்கும். திருவள்ளூர் ஜில்லாவின் இப்பகுதியில் வட சென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலனாகும். அதனை அடுத்து வல்லூர் அனல்மின் நிலையமும், கிழக்கே கடற்கரையில் காமராசர் துறைமுகமும் அமைந்துள்ளன. இவ்வளவு பெருந்தொழில்கள் சூழ்ந்திருப்பினும், நாட்கூலிக்கு உழைப்போரும் கழிமுகத்தில் மீன் பிடிப்போரும் ஆகிய குடும்பங்களின் பிள்ளைகள் இவ்வட்டாரத்தில் இல்லாமற் போகவில்லை. மின்நிலையத்துள் பொறியாளராய்ப் புகுவதற்கும், வாயிலில் ஒப்பந்தக் கூலியாய் நிற்பதற்கும் இடையேயுள்ள தூரம் பெரும்பாலும் பள்ளிப்படிப்பின் தூரமே. ஆதலின், இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லப்போகும் தேர்வு மிகவும் பயன்படத்தக்கது.

அது ‘தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு’ என்னும் நீண்ட பெயருடையது. இந்திய அரசாங்கம் இத்திட்டத்தை 2008 ஆம் ஆண்டில் ஏற்படுத்திற்று. நம் மாநிலத்தில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் இதனை நடத்துகின்றது. அரசுப் பள்ளியிலோ, உதவிபெறும் பள்ளியிலோ எட்டாம் வகுப்புப் படிப்பவரும், ஏழாம் வகுப்பில் நூற்றுக்கு 55 மதிப்பெண் பெற்றவரும், பெற்றோரின் ஆண்டு வருவாய் 3,50,000 ரூபாய்க்கு மேற்படாதவரும் இதனை எழுதலாம். பட்டியல் சாதியாருக்கும் பழங்குடியினருக்கும் 50 மதிப்பெண் போதும். தேர்ந்தோர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடிய உபகாரச் சம்பளம் அளிக்கப்படும். தொடக்கத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாயாயிருந்த அத்தொகை, 2017 ஆம் ஆண்டு முதல் 12,000 ரூபாயாயிற்று. நான்காண்டுகளுக்கு 48,000 ரூபாய். செல்வர்க்கு இது சிறு தொகையே. ஆனால், மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் தன் பெயரால் வரும் பிள்ளையைப் படிப்பினின்று நிறுத்த எந்தப் பெற்றோரும் எளிதில் மனங்கொள்ளார்.

தேர்வு இரு பகுதிகளையுடையது. முதலாவது மனத்திறன், இரண்டாவது பாட அறிவு. ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 90 நிமிஷங்கள். ஒவ்வொரு வினாவின் கீழும் நான்கு விடைகள் இருக்கும். அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். பாட அறிவுப் பகுதியில் கணிதத்திற்குரியன 20 வினாக்களே. மொத்தம் 180 இல் இவை ஒன்பதிலொரு பங்கு. எனினும், மனத்திறன் பகுதியில் வரும் எண்வரிசை, எண்ணுறவு முதலியனவும் கணக்குப் பழக்கத்தையே அடிப்படையாகக் கொண்டவை. கணிதத்தில் வலிமையற்றவன் இரு பகுதியிலும் தளர்வான். வலிமையுடையவன் இரண்டிலும் ஊதியம் பெறுவான்.

இனி, பழகும் முறையைக் கவனிப்போம். பழைய வினாத்தாள்களையும் வழிகாட்டி நூல்களையும் சேர்த்து, விடைகளை உருப்போடுவதே பயிற்சி என்று பலர் எண்ணுகின்றனர். தேர்வின் உருவத்தை அறிந்துகொள்ள இஃது உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதே கணக்கு அதே எண்களோடு மறுபடி வருவது அரிது. எத்தனை கணக்குகள் போட்டோம் என்பதினும், தவறிய கணக்கு எதனால் தவறிற்று என்று கண்டோமா என்பதே மேலானது. பிழைகளை ஊன்றி நோக்கின் அவை மூவகைப்படும் என்பது விளங்கும். கருத்து விளங்காமையால் வருவது ஒன்று. கருத்து விளங்கியும் கூட்டல், பெருக்கலில் கை தவறுவது ஒன்று. வினாவைச் சரியாகப் படியாமையால் வருவது மற்றொன்று. இவற்றுள் ஒன்றற்குரிய மருந்து மற்றொன்றைத் தீர்க்காது.

கருத்துப் பிழைக்கு இவ்வூரினின்றே ஓர் உதாரணம் காட்டுவோம். வட சென்னை அனல்மின் நிலையத்தின் இரண்டாம் கட்டத்தின் திறன் 1,200 மெகாவாட். வல்லூர் நிலையத்தின் திறன் 1,500 மெகாவாட். வேற்றுமை 300. வல்லூர் நிலையம் மற்றதினும் எத்தனை சதவீதம் பெரிது? 300 ஐ 1,200 ஆல் வகுத்தால் 25 சதவீதம். அங்ஙனமாயின், மற்றது வல்லூரினும் எத்தனை சதவீதம் சிறிது? ‘25’ என்று பலர் விரைந்து கூறுவர். அது தவறு, இப்பொழுது ஒப்புக்குரிய அடி 1,500 ஆதலின், விடை 20 சதவீதம். வேற்றுமை ஒன்றே, அடி மாறினமையால் சதவீதமும் மாறிற்று. இதனை உணர்ந்தவன், ஒரு பண்டத்தின் விலையை நூற்றுக்குப் பத்து ஏற்றிப் பின் நூற்றுக்குப் பத்துக் குறைத்தால், பழைய விலை வாராது என்பதையும் தானே காண்பான். 100 ரூபாய் 110 ஆகும், 110 இல் பத்து சதவீதம் 11, எஞ்சுவது 99. எட்டாம் வகுப்புப் பாடநூலில் ‘வாழ்வியல் கணிதம்’ என்னும் பகுதியில் வரும் இலாபம், நட்டம், தள்ளுபடி, வட்டி யாவும் இவ்வொரு கருத்தின் கிளைகளே.

வாசிப்புப் பிழைக்கு வேறோர் உதாரணம். நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள அறைக்கு, 20 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர ஓடுகள் எத்தனை வேண்டும்? அறையின் பரப்பு 12 சதுர மீட்டர். ஓட்டின் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர். மீட்டரென்பதையும் சென்டிமீட்டரென்பதையும் கவனியாது, ‘நூறு சென்டிமீட்டர் ஒரு மீட்டர்’ என்பதை மட்டும் நினைத்து 12 ஐ 1,200 ஆக்கி வகுப்பவனுக்கு மூன்று ஓடு என்று விடை வரும். மூன்று சிறிய ஓடுகளால் ஓர் அறை நிரம்புமோ? ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர் உண்டு. ஆதலின் 1,20,000 ஐ 400 ஆல் வகுக்க 300 ஓடுகள் என்பதே விடை. விடை கண்டபின், ‘இது நடக்கக்கூடியதா?’ என்று ஒரு நொடி தன்னைக் கேட்கும் வழக்கம் இத்தகைய பிழைகளைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

அவ்வழக்கம் விடையைத் தெரிந்தெடுப்பதற்கும் உதவும். ஆறு பேர் பத்து நாளில் முடிக்கும் வேலையைப் பதினைந்து பேர் எத்தனை நாளில் முடிப்பர் என்னும் வினாவிற்கு 25, 4, 12, 9 என விடைகள் தரப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஆள் மிகுந்தால் நாள் குறையும். ஆதலின் 25 உம் 12 உம் கணக்கிடாமலே விலகும். ஆறைப் பத்தால் பெருக்கினால் 60. பதினைந்தால் வகுத்தால் 4. இத்தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஒன்றும் அறியாது குறிப்பவன் நான்கு வினாவிற்கு ஒன்று என்னும் வீதத்தில்தான் சரியாகக் குறிப்பான் என எதிர்பார்க்கலாம். இரண்டை விலக்கத் தெரிந்தவனோ இரண்டுக்கு ஒன்று சரியாகக் குறிப்பான். ஆதலின் எவ்வினாவையும் வெறுமையாய் விடலாகாது. ஒரு வினாவிற்கு ஒரு நிமிஷமே உண்டு; தெரிந்தவற்றை முதலில் முடித்து, கடினமானவற்றை அடையாளமிட்டுப் பின்னர் அவற்றிற்குத் திரும்புவதே தக்க முறை.

கைப்பிழைக்கு மருந்து, வாய்பாடும் மனக்கணக்கும். நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி இதற்காகவே ஓதப்பட்டது. ஒன்றில் 320 இல் ஒரு பங்காகிய முந்திரி முதலாகப் பின்னங்களைச் சிறுவர் நாவிலே வைத்திருந்தனர். அவர்கள் இருபதில் ஒன்றை மா என்றும், எண்பதில் ஒன்றைக் காணி என்றும், பதினாறில் ஒன்றை மாகாணி என்றும் கூறினர். மாகாணி என்னும் பெயரை நோக்குக. மாவும் காணியும் சேர்ந்ததே அது. ஒரு மா, நான்கு காணிக்குச் சமம். அதனோடு ஒரு காணி சேர ஐந்து காணி, அஃதாவது எண்பதில் ஐந்து. அதனைச் சுருக்கப் பதினாறில் ஒன்றாகும். வெவ்வேறு பகுதிகளையுடைய பின்னங்களைக் கூட்டுங்கால் பொதுப் பகுதிக்குக் கொண்டுவர வேண்டும் என்று இன்றைய பாடநூல் கூறும் விதி அப்பெயருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. உருப்போடுதல் பயனற்றதென்று தள்ளுவோரும், உருப்போடுதலே போதும் என்போரும் இதனைச் சிந்திப்பாராக. நாவில் நின்றது கருத்திலும் நின்றால்தான் பயன்.

இன்னும் ஒன்று கூற வேண்டும். விகிதப் பாடம் முடிந்ததும் விகிதக் கணக்கு இருபது, பரப்புப் பாடம் முடிந்ததும் பரப்புக் கணக்கு இருபது எனப் பயில்வது நம் வழக்கம். இதில் ஒரு குறை உண்டு. எவ்வகைக் கணக்கு என்பதைத் தலைப்பே சொல்லிவிடுவதால், மாணாக்கன் அதனைத் தானே கண்டறியப் பழகுவதில்லை. தேர்வில் தலைப்பு இராது. அமெரிக்காவின் ப்ளோரிடா மாகாணத்தில் ஏழாம் வகுப்புப் பிரிவுகள் 54 இல் டக் ரோரர் முதலியோர் இதனைச் சோதித்து, 2020 ஆம் ஆண்டில் முடிபை வெளியிட்டனர். ஒரு சாரார் ஒரே வகைக் கணக்குகளைத் தொடர்ந்து செய்தனர். மறு சாரார் பலவகைக் கணக்குகளைக் கலந்து செய்தனர். ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பின்றி வைத்த சோதனையில், கலந்து பயின்றோர் சராசரி 61 சதவீதமும், மற்றோர் 38 சதவீதமும் பெற்றனர். கலந்து பயில்வது முதலில் கடினமாகவும் மெதுவாகவும் தோன்றும்; அக்கடினமே பயனுக்குக் காரணம்.

மனத்திறன் வினாவிற்கும் இம்முறை பொருந்தும். 2, 6, 12, 20, 30 என்னும் வரிசையில் அடுத்த எண் யாது? வேற்றுமைகளை நோக்கின் 4, 6, 8, 10; ஆதலின் அடுத்த வேற்றுமை 12; விடை 42. மற்றொரு வழியாக, ஒன்றும் இரண்டும் பெருக்க 2, இரண்டும் மூன்றும் பெருக்க 6 எனக் கண்டு, ஆறும் ஏழும் பெருக்க 42 என்றும் அடையலாம். ஒரு வழியில் கண்ட விடையை மறுவழியில் சரிபார்க்கும் பிள்ளை, பத்து வரிசைகளை விரைந்து முடித்த பிள்ளையினும் மிகுதியாகக் கற்றதாகும்.

எனவே, நாள்தோறும் பத்துக் கணக்குகள் போதும். அவை ஏழாம் வகுப்பினும் எட்டாம் வகுப்பினும் பல பாடங்களினின்று கலந்து எடுக்கப்படுக. தவறியவற்றை ஒரு தனி நோட்டில் எழுதி, எவ்வகைப் பிழை என்று அருகே குறித்து, ஒரு வாரம் கழித்து விடையைப் பாராமல் மறுபடி செய்க. வாரத்திற்கு ஒரு நாள் மட்டும் கடிகாரத்தை முன்வைத்து முழு வினாத்தாளைச் செய்க. இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அருகிலிருந்து, ‘இவ்விடையை எவ்வாறு கண்டாய்?’ என்று கேட்பார் ஒருவர் வேண்டும். பகலெல்லாம் உழைத்துத் திரும்பும் பெற்றோர்க்கு அது பெரும்பாலும் இயலாது. கலாசாலை மாணவர்க்கும், கற்று வெளியேறிய பழைய மாணவர்க்கும் அது எளிது. வாரத்திற்கு ஒரு மாலையைத் தம் ஊர்ப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர்கள் அளிப்பாராயின், அது சிறந்த தொண்டாகும்.

தேர்வெழுதுவோர் யாவரும் உபகாரச் சம்பளம் பெறுவதில்லை என்பதையும் மறைத்தலாகாது. 180 இல் 72 மதிப்பெண்ணும், பட்டியல் சாதியாரும் பழங்குடியினரும் 58 மதிப்பெண்ணும் பெறுதல் வேண்டும். அதற்குமேலும் நம் மாநிலத்திற்குரிய 6,695 இடங்களுக்குத் தரவரிசைப்படியே தெரிந்தெடுப்பர். தேர்ந்தோரும் பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் பெற்றாலன்றி மேலிரண்டு ஆண்டுகளுக்கு உதவி தொடராது. பட்டியல் சாதியாருக்கும் பழங்குடியினருக்கும் மட்டும் அதில் 5 சதவீதம் தளர்வுண்டு. விடைகளை உருப்போட்டு வென்றவன் அங்கே இடறுவான். கருத்தை உணர்ந்தவன் நிலைபெறுவான். இடம் கிடையாத பிள்ளைக்கும் அவ்வுழைப்பு வீண்போவதில்லை. மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி என்று ஒருவன் கடன் கொடுக்க வரும்போது, அது ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பத்தாறு என்று தந்தைக்கு எடுத்துரைக்கவும், கூலிச்சீட்டில் பிடித்தம் சரியா என்று தாய்க்குப் பார்த்துச் சொல்லவும் அப்பிள்ளை வல்லதாகும். அவ்வன்மையை எட்டாம் வகுப்பிலேயே பெற்ற பிள்ளைகள் அத்திப்பட்டிலும் அதனைப் போன்ற ஊர்களிலும் பெருகுவாராக.